ஆறு மாதம் கழித்து வா

நர்ஸ் ஊசியோடு வந்ததும் நெனித்தா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "எலும்புக்கான மருந்து, மனாங். கால் மணி நேரந்தான்" என்றாள் அந்தப் பெண். அக்காவை எங்கள் பக்கம் மனாங் என்போம். எலும்பு என்ற சொல்லே போதுமாக இருந்தது. மார்பிலிருந்த சின்னக் கட்டியை எடுத்து, கீமோவும் முடிந்து, முடி முளைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ ஊரில் நோய் முற்றிவிட்டால் டாக்டர் முதலில் பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, அதை மறைத்துச் சிரித்துப் பேசுவார்கள்.

பக்கத்து நாற்காலியில் திவினாவுக்கு அதே மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நோய் இடுப்பெலும்பில் இருப்பது அந்த வார்டுக்கே தெரியும்.

"என்ன மனாங், ஊசிக்கா பயம்? சந்தையில பன்னி எலும்பப் பொளந்து சூப்பு வைக்கிற ஆளு!"

"எனக்கும் எலும்புல வந்துடுச்சு திவி. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. உனக்குப் போடுற அதே மருந்துதானே இது? என் மக வேற ரெண்டு நாளா சிரிச்சிக்கிட்டே இருக்கா."

"நல்ல சேதிக்கும் சிரிக்கலாம் மனாங்" என்ற திவினா, அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்தினாள். "அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?"

"பிப்ரவரில. ஆறு மாசம் கழிச்சு."

"என்னை மாசாமாசம் வரச் சொல்றாங்க. எலும்புல வந்துட்டவங்களுக்கு அப்படித்தான். உங்களுக்கு வரல. தீட்டு நின்ன பொம்பளைங்களுக்கு, அந்தப் பக்கமே வராம இருக்கணும்னு முன்கூட்டியே போடுறது. நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஆமாம் மனாங்" என்றாள் நர்ஸ். "ஸ்கேன்ல எலும்பு சுத்தமா இருக்கு. நான்தான் முன்னாடியே விளக்கியிருக்கணும்."

நெனித்தாவுக்கு மகிழ்ச்சி வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. மாதாமாதம் வருகிறவள் வாயிலிருந்தா அதைக் கேட்கவேண்டும்?

"மன்னிச்சிடு திவி."

"எதுக்கு? ஜெபமாலை சொல்றப்ப ஒரு மணி எனக்கும் சேத்துச் சொல்லுங்க."

"பத்து மணியும் உனக்கே."

"அடேயப்பா, மாதாவுக்கு வேற வேலை இல்லையா?"

நெனித்தா கையை நீட்டினாள்.

திவினாவின் பாட்டில் முதலில் தீர்ந்தது. வெளியே அவள் ஏறவேண்டிய ஜீப்னி வண்டி ஹாரன் அடித்தது. எழுந்தவள், நெனித்தாவின் பாட்டிலில் இன்னும் பாதி இருப்பதைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தாள். ஜீப்னி கிளம்பும் சத்தம் கேட்டது. பையிலிருந்து சர்க்கரை தடவிய ரொட்டித் துண்டை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய பாதியை நெனித்தாவின் இன்னொரு கையில் வைத்தாள். போர்வையெங்கும் சர்க்கரைத் துகள்கள் சிந்தின. இருவரும் அதைத் தட்டிவிடவில்லை.