முசுறு தைக்கும் கூடு

வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் ஜன்னலோரம் ஒரு ஜம்பு மரம் நின்றது. ஹப்ஸாவுக்குப் பிறந்த பெண்பிள்ளை சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. பிரசவத்தில் நினைவு தப்பியவள் கண் விழித்தபோது பிள்ளையின் ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அதிலிருந்து ஜன்னலருகிலேயே இருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள். தானாக எதுவும் பேசமாட்டாள்.

புருஷன் மர்ஸூக் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கென்று ஜம்புப் பழம் பறிக்க ஏறியவனைச் செவ்வெறும்புகள் கழுத்திலும் முதுகிலும் பிடுங்கி எடுத்தன. இறங்கியவன் கோபத்தோடு லாம்பெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தான்.

"கொளுத்த வாணாம்."

ஜன்னலிலிருந்து ஹப்ஸாவின் குரல். மர்ஸூக் அப்படியே நின்றான்.

"அதுகள் குஞ்ச வாயில வெச்சி எல தைக்கிதுகள். நான் நெதமும் பாக்குறன்."

துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தான். ஆனாலும் போத்தலை வைத்துவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றான். இரண்டு இலைகளின் ஓரங்களை எறும்புகள் வரிசையாகக் கவ்வி இழுத்துப் பிடித்திருந்தன. இன்னொன்று அரிசிமணி போல வெள்ளையாக எதையோ வாயில் தூக்கி வந்து, இந்த ஓரத்தில் தொட்டு, அந்த ஓரத்தில் தொட்டது. தொட்ட இடமெல்லாம் மெல்லிய நூல்.

அது என்னவென்று அறிய, மறுநாள் லீவு கேட்டு, மரத்தடியில் விழுந்து கிடந்த பழைய கூடொன்றையும் இரண்டு எறும்புகளையும் டின்னில் போட்டு நூதனசாலைக்குக் கொண்டுபோனான். அங்கே பூச்சிகளை ஆராயும் பகுதியில் அதிகாரியாக இருந்த பொன்னம்பலம், ஹப்ஸா கண்டதை அவன் சொல்லச் சொல்லக் கேட்டபடி பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"முசுறு. உங்கட மனுசி கண்டது சரி. அது அதுகளின்ர புழு. நூல் அதின்ர வாயிலயிருந்துதான் வரும். வேற சில எறும்பின்ர புழு அந்த நூலால தனக்கு உறை கட்டும். இது கட்டாது. எல்லாத்தையும் கூட்டுக்கே குடுத்திடும்."

"உறை இல்லாட்டி செத்துப்போகுமா?"

"இல்லை. தைச்சு முடிய உள்ள கொண்டுபோய்ப் பத்திரமா வளர்க்குங்கள். எறும்பாத்தான் வெளியில வரும்."

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னான். ஹப்ஸா திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனும் சலிக்காமல் சொன்னான். பிறகு அவள் அவனையே பார்த்தாள்.

"எறும்பப் பத்தி இவ்வளவும் கேட்டு வந்து சொல்றீங்க. எங்கட புள்ளயப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்லயே. நீங்கதானே தூக்கின."

சொல்லாமல் இருந்தால் அவளுக்கு நோகாது என்று எண்ணியிருந்தான். அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"தலமுடி நெறய," என்றான். "நெத்தி வரைக்கும். கைவெரலெல்லாம் நீளம். காது அப்படியே உங்கடது."

"கண்ணு?"

"மூடித்தான் இருந்த."

அன்றைக்குத்தான் ஹப்ஸா அழுதாள். அழாதே என்று அவன் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெத்தி வரைக்குமா?" என்று கேட்டாள்.

"ஓ. இந்தா, இதுவரைக்கும்," என்று அவள் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினான்.