கத்தரிப்பூ நிற மணல்

கூடத்தில் நான்கு டைல்ஸ் தூக்கிக்கொண்டன. நாலே நாலுதானே, ஒரு நாள் வேலை என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு கம்பியால் தரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவருக்கு மட்டும் முக்கால் கூடம் பொள்ளலாகக் கேட்டதாம்.

"நாலு இல்லம்மா, முழுசா எடுக்கணும். இந்த டிசைன் இப்ப வர்றதும் இல்ல."

கம்பி அவருடையது, காதும் அவருடையது, பில் மட்டும் எங்களுடையது. சந்தேகம் எனக்கு அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

எடுக்கச் சொன்னோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அடியில் இருந்த மணல் உருண்டை பிடிக்கிற அளவுக்கு ஈரம். புது டைல்ஸ் கனம் கூடுதல், கதவு இடிக்கும் என்று கதவுகளின் அடியை அறுக்கத் தச்சர் வந்தார். உடைத்ததை அள்ளிப்போக வண்டிக்காரர் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். என் வீட்டுக்காரர் பில் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார், தெளிவாகத் தெரியாவிட்டால் தொகை குறையும் என்பதுபோல.

"ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாக்காம டைல்ஸ் போட்டா மறுபடி தூக்கும்," என்றார் மேஸ்திரி. "ஒண்ணு, உங்க சமையல்கட்டுத் தொட்டிக் குழாய். இல்லன்னா மேல் வீட்டு பாத்ரூம். ரெண்டும் இந்தச் சுவர் வழியாத்தான் இறங்குது."

மேல் வீட்டில் இருப்பது என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. நான் சின்னவள் என்பேன். எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறை அவள் வந்த பிறகுதான் தீர்ந்தது. அவள் வீட்டுச் சாவி என் கொத்தில், என் வீட்டுச் சாவி அவள் பையில். கேட்காமல் எடுப்போம், தட்டாமல் நுழைவோம்.

ஈரம் பற்றி அவளிடம் நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"எங்க பாத்ரூம் போன வருஷம்தான் புதுசாப் போட்டோம்க்கா. உங்க தொட்டிக்கு எத்தனை வயசு?"

"தண்ணி மேலேருந்து கீழ வருமா, கீழேருந்து மேல போகுமா?"

"உங்க தரை நனைய உங்க தண்ணி போதாதாக்கா?"

யார் வீட்டுத் தண்ணீரோ அவர்களே முழுச் செலவும் ஏற்பது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். அவர்களுக்கு அது கணக்கு, எங்களுக்கு அது வழக்கு. அன்றிலிருந்து அவள் படி இறங்கும்போது செல்போனைப் பார்த்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். என் சாவியைக் கொடுத்துவிடு என்று நுனிநாக்கு வரை வந்தது. கேட்டால் அதோடு உறவு முடிந்தது என்று தெரிந்ததால் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை.

மேஸ்திரி ஒரு வழி சொன்னார். மறுநாள் சாயம் கரைத்து மேல் வீட்டு பாத்ரூமில் ஊற்றுவாராம். மணலில் நிறம் வந்தால் மேல் வீடு, வராவிட்டால் நாங்கள். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மேலே பார்க்கப் போய், வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். சின்னவள் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். வேலை என் வீட்டில், டீ அங்கே. ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டு, "ஒண்ணும் வரலையேம்மா" என்று என் தலையில் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அன்று மாலை சின்னவள் கடைக்குப் போனதும், துணிக்குப் போடும் நீலப் புட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அவள் கொடுத்த சாவியாலேயே அவள் வீட்டைத் திறந்தேன். முழுப் புட்டியையும் பாத்ரூமில் கவிழ்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, தரையைத் தேய்த்துக் கழுவினேன். கொடியில் நான் வாங்கிக் கொடுத்த துண்டு தொங்கியது. அதைப் பார்க்காமல் இறங்கி வந்தேன். நான் திருட வரவில்லை, சாட்சி தேடத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்குப் பெயின்ட் பார்க்கலாம் என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது சமையல்கட்டுத் தொட்டி ஈரமாக இருந்தது. நான்தான் குழாயைச் சரியாக மூடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மேஸ்திரி சாயப் பொட்டலத்தோடு வந்தார். சின்னவளும் இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். என்ன திமிர் என்று நினைத்தேன். என் கைகளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். எத்தனை சோப்புப் போட்டும் நீலம் போகவில்லை.

மேஸ்திரி மணல் மேல் போட்டிருந்த அட்டையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே குந்திவிட்டார்.

மணல் பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மேல் வீட்டுக் குழாய் இறங்கும் மூலையிலிருந்து நீலமாக ஒரு கோடு. சமையல்கட்டுப் பக்கமிருந்து சிவப்பாக ஒரு கோடு. இரண்டும் நடுவில் கலந்திருந்தன.

"நான் இன்னும் ஊத்தவே இல்லையேம்மா," என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். "என்னுது பச்சை."

நான் சிவப்பைப் பார்த்தேன். சின்னவள் நீலத்தைப் பார்த்தாள்.

"கையை நீட்டு," என்றேன்.

"நீங்க முதல்ல நீட்டுங்கக்கா."

இருவரும் நீட்டினோம். அவள் நகமெல்லாம் துணிச் சாயத்தின் சிவப்பு. உள்ளங்கையில் என் வீட்டுச் சாவி. திருப்பிக் கொடுத்துவிடத்தான் எடுத்து வந்திருக்கிறாள்.

"எப்ப வந்தே?"

"நீங்க வெளியே போனப்ப. நீங்க?"

"நீ கடைக்குப் போனப்ப."

என் மேல் இவ்வளவு சந்தேகமா என்று கேட்க இரண்டு பேருக்கும் வாயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

"ரெண்டு வீட்டுத் தண்ணியும் வருது," என்றார் மேஸ்திரி. "மேல பாத்ரூமை உடைக்கணும், கீழ சமையல்கட்டை உடைக்கணும். முடியற வரைக்கும் இங்க சமைக்க முடியாது, அங்க குளிக்க முடியாது." அவர் குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

கொத்திலிருந்து அவள் சாவியைக் கழற்றி டைல்ஸ் பெட்டி மேல் வைத்தேன். இனி அதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவளும் என் சாவியைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் நீலக் கறை, ஒன்றில் சிவப்புக் கறை. பிறகு அவள் வீட்டுச் சாவியையே நான் திரும்ப எடுத்தேன்.

"மதியம் சமைக்கணுமே," என்றேன்.

அவள் என் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சரிக்கா. நான் சாயங்காலம் குளிக்க வரேன். பயப்படாதீங்க, கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன்."

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் என் கதவைத் தட்டியதில்லை.