கட்டாயப் பாடத்துக்கு ஒரே ஓர் இடம்

என் கணவரை நான் வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிடுவேன். கல்லூரியில் 'சார்' என்பேன். அந்த மாதம் மட்டும் இரண்டு இடத்திலும் 'ஹலோ'தான். அத்தனைக்கும் காரணம் ஒரு பாடத்திட்டம்.

நாங்கள் இருவரும் ஒரே துறையில் வேலை பார்க்கிறோம். சர்வதேச உறவுகள், இளங்கலை. அவர் புள்ளியியல் நடத்துகிறார், நான் ஸ்பானிஷ் நடத்துகிறேன். இதுவரை இரண்டுமே கட்டாயப் பாடங்கள், ஒரு வம்பும் இல்லை. திடீரென்று பல்கலைக்கழகத்துக்கு ஞானோதயம் வந்து, மாணவர்கள் வெளியே போய் வேலைப் பயிற்சி எடுப்பதைக் கட்டாயமாக்கிவிட்டது. அதற்கு இடம் வேண்டுமே? வரலாறு நகரவில்லை. சட்டம் நகரவில்லை. பொருளாதாரமும் பேச்சுவார்த்தையும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டன. கடைசியில் கட்டாயப் பாடம் என்ற பட்டியலில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதில் அயல்மொழியா, புள்ளியியலா?

தோற்ற பாடம் விருப்பப் பாடமாகிவிடும். அவர் தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது, பொருளாதாரத் துறை அவரை இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொள்ளும். நான் தோற்றால் எனக்கு இங்கே வேலை இல்லை. ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் இருக்கும் கிளைக் கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் நாங்கள் சனி ஞாயிறுக்கு மட்டும் கணவன் மனைவி.

"இதை மீட்டிங்ல சொல்லிடட்டுமா?" என்று அவர் முதல் நாளே கேட்டார்.

"சொல்லித்தான் பாருங்களேன். உங்க பொண்டாட்டிங்கிறதுக்காக யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம். நீங்களும் விட்டுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தீங்க, அன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன். ஒழுங்கா சண்டை போடுங்க."

மனுஷர் ஒழுங்காகப் போட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன்தான், அதற்காக அவ்வளவு ஒழுங்காகவா போடுவது?

விஷயம் எப்படியோ நாத்தனார் காதுக்கும் போய்விட்டது. போன் போட்டாள். "அண்ணி, விடாதீங்க. அண்ணன் சின்ன வயசுல கேரம்போர்டுலயே கள்ளாட்டம் ஆடுவாரு. நான் உங்க பக்கம்." கூடப் பிறந்தவளே என் பக்கம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அவளுக்கு ஓட்டு இல்லை.

ஓட்டு இருந்தது பாடத்திட்டக் குழுவில் இருந்த ஐந்து பேருக்கு. வரலாற்று ஆசிரியர் என் பக்கம். சட்ட ஆசிரியை என் கணவர் பக்கம். நாங்கள் இருவரும் அவரவர் பக்கம். மிச்சம் இருந்தது துறைத் தலைவி. அவர் பேச்சுவார்த்தைப் பாடம் நடத்துகிறவர். மூன்று கூட்டம் எங்கள் கூச்சலைக் கேட்டுவிட்டு, ஓட்டுப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"நாடுங்களுக்கு நடுவுல எப்படி சமாதானம் பண்றதுன்னு வருஷக் கணக்கா பாடம் எடுக்கிறேன். என் துறையில ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டையை ஓட்டுப் போட்டு முடிச்சேன்னு வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும். பேசித்தான் முடிக்கணும்."

பேச்சுவார்த்தைப் பாடத்துக்கு ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. மூன்றாம் வருட மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகப் போய், நிஜமான ஒரு தகராறில் நடுவர்களாக உட்கார்ந்து தீர்த்து வைக்க வேண்டும். கேண்டீனுக்கும் விடுதிக்கும் நடந்த தண்ணீர்த் தகராறு, சைக்கிள் ஸ்டாண்ட் தகராறு எல்லாம் அந்த வருடம் தீர்ந்துபோய்விட்டன. ஒரு ஜோடிக்கு மட்டும் தகராறே கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். தலைவி அவர்களுக்கு எங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பையனுக்குக் கல்லூரியில் பெயர் மைக்செட். அவன் ரகசியம் பேசினால் அடுத்த கட்டடத்தில் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்குப் பெயர் சைலன்சர். வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. என் ஸ்பானிஷ் வகுப்பிலேயே இரண்டு வருடம் தலையாட்டியே தேறியவள். இவர்கள் எனக்கு நாட்டாமையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். கருத்தரங்கு அறையில் நீள மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஏசி தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த உலக வரைபடத்தில் பாதி நாடுகளின் பெயர்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. குழுவின் மற்ற மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். வரலாறு ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்திருந்தார், ஆட்டம் பார்க்க வந்தவரைப் போல.

"ஒரே ஒரு ரூல்தான்!" என்று மைக்செட் முழங்கினான். "உங்க வாதத்தை நீங்க சொல்லக் கூடாது. எதிர்ல இருக்கிறவங்க வாதத்தை நீங்க சொல்லணும். அவங்க 'ஆமா, இதைத்தான் சொன்னேன்'னு தலையாட்டுற வரைக்கும் சொல்லணும். சார், நீங்க முதல்ல."

நான் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தேன். ஆண்டவனே வந்தாலும் தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேடம் என்ன சொல்றாங்கன்னா, நம்ம பசங்க மூணு வருஷம் உலகத்தைப் பத்திப் படிக்கிறாங்க, உலகத்துல ஒருத்தர்கிட்டகூடப் பேசுறதில்ல. யாரோ மென்னு கொடுத்ததை முழுங்குறாங்க."

இது நான் கூட்டத்தில் சொன்னதுதான். பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"ஆனா மேடத்துக்கு அதுகூட முக்கியமில்ல. புது மொழி கத்துக்கிறப்போ முதல் வருஷம் நாம குழந்தையா ஆயிடுவோம். தப்புத் தப்பாப் பேசுவோம். கேக்கிறவங்க சிரிப்பாங்க. நமக்கு எவ்வளவோ தெரியும், ஆனா சொல்ல வராது. அந்த வெக்கத்தை ஒரு தடவையாவது பட்டிருக்கணும். படாதவன் நாளைக்குத் தூதரா போய் உக்காந்தா, எதிர்ல ஒருத்தர் வார்த்தை கிடைக்காமத் திணறும்போது, அவரை முட்டாள்னு நினைச்சிடுவான். அந்த வெக்கத்தைத்தான் மேடம் கட்டாயமாக்கச் சொல்றாங்க. விருப்பப் பாடமா வெச்சா யாரும் எடுக்க மாட்டாங்க. வெக்கப்படுறதுக்கு யாருக்கு விருப்பம் வரும்?"

வரலாறு பிஸ்கட்டை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. எப்போதோ ஒரு நாள் வாணலி தேய்த்துக்கொண்டே, பாதி எனக்கும் பாதி வாணலிக்குமாகச் சொல்லியிருப்பேன். அவர் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைந்துபோனது என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. தலை என்னைக் கேட்காமலே ஆடிவிட்டது.

"சூப்பர் சார்! இப்ப மேடம்!"

"சாருக்கு நம்பர்னா உயிர்" என்றேன்.

அவர் தலையை இட வலமாக ஆட்டினார்.

"மத்தவங்களுக்குக் கணக்கு வரலைன்னா சாருக்கு இளக்காரம்."

மறுபடியும் இட வலம். மைக்செட் தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னான், "மேடம், இது வாதம் இல்ல, திட்டு."

பின்வரிசையில் சட்டம் சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு ஞாபகமும் வந்தது. போன வருடம் ஒரு மாணவனின் ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இவர் உட்கார்ந்திருந்தார். நான் வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அன்றைக்கு இவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு பையன் எழுதியிருந்தான்" என்று ஆரம்பித்தேன். "எல்லையில இருக்கிற ஜனங்கள்ல முக்கால்வாசிப் பேர் எல்லையை மூடணும்னு சொல்றாங்கன்னு. எங்கேயோ ஒரு கணக்கெடுப்புல இருந்து எடுத்தது. அவன் பொய் சொல்லல. அவனுக்கு அதைத் திருப்பிக் கேக்கத் தெரியல. சாருக்கு அன்னைக்கு டீ இறங்கல. ஏன்னா அந்தப் பையன் நாளைக்கு ஒரு அமைச்சகத்துல உக்காருவான். இதே மாதிரி ஒரு எண்ணைத் தூக்கி மேசையில வைப்பான். அதை நம்பி நிஜமாவே ஒரு எல்லையை மூடிடுவாங்க. ஒரு எண்ணுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்க, யாரை விட்டுட்டாங்கன்னு கேக்கத் தெரியணும். சாருக்குக் கணக்கு முக்கியமில்ல. விட்டுப்போனவங்க முக்கியம்."

சொல்லச் சொல்ல எனக்கே சூடு ஏறியது. அவருக்காக வாதாடுகிறேன் என்பதே மறந்துபோனது. "அந்தக் கணக்கெடுப்புலயே பாருங்க, பதில் சொன்னவங்க எல்லாம் தலைநகரத்து மொழி தெரிஞ்சவங்க. அந்தப் பக்கத்து ஜனங்கள்ல பாதிப் பேரை யாரும் கேக்கவே இல்ல. ஏன் கேக்கல? ஏன்னா கேக்கப் போனவங்களுக்கு..."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மொழி தெரியாது" என்று ஒரு குரல் முடித்தது. யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சைலன்சர்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதற்கா, அவள் சொன்னதற்கா தெரியவில்லை.

"ஹலோ, ஒரு நிமிஷம்" என்றேன். "ரெண்டையும் ஒரே பாடமா வெச்சா? முதல் செமஸ்டர்ல ஸ்பானிஷ்ல கேள்வி கேக்கக் கத்துக்கட்டும். ரெண்டாவது செமஸ்டர்ல அந்த மொழி பேசுறவங்களுக்குப் போன் போட்டு நிஜமாவே கேக்கட்டும். கிடைச்ச பதிலை எண்ணட்டும்."

"ஒரே செமஸ்டர் படிச்சிட்டு ஸ்பானிஷ்ல கேள்வி கேட்டுடுவாங்களா?" என்று சட்டம் குறுக்கிட்டார்.

"தப்புத் தப்பாக் கேப்பாங்க" என்றார் என் கணவர். "அதுக்குத்தானே பாடமே."

மைக்செட் கையைத் தட்டினான். வாளித் தண்ணீர் அதிர்ந்திருக்கும். தலைவி மட்டும் பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். "இதை ஒரு ஆள் நடத்த முடியாது. ரெண்டு பேரும் நிரந்தரமா இங்க இருக்கணும். எல்லா வகுப்புலயும் ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும். முடியுமா?"

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். காலையில் இவர், பஸ்ஸில் இவர், கரும்பலகை முன்னால் இவர், சாயங்காலம் வீட்டிலும் இவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏசியைப் பார்த்தார்.

"முடியும்" என்றேன். "ஆனா போர்டுல நான்தான் முதல்ல எழுதுவேன்."

"அதுக்குத் தனியா ஒரு பேச்சுவார்த்தை வெச்சுக்கலாம்" என்றார் அவர். ஐந்து கையும் உயர்ந்தன.

"மேடம், நாங்க பாஸா?" என்று மைக்செட் தலைவியைக் கேட்டான். "நாங்க ஒண்ணுமே பண்ணலையே. வழியை அவங்களேதானே சொன்னாங்க."

"அதான் முழு மார்க்" என்றார் தலைவி.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இங்கேயே இருக்கப் போகிறேன். இவரோடு இருக்கப் போகிறேன். கொஞ்ச தூரம் போனதும் கூப்பிட்டேன்.

"என்னங்க."

ஒரு மாதம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்டதில் அவர் நின்றேவிட்டார்.

"நான் வாணலி தேய்க்கும்போது பேசினதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சா? பேப்பர்தானே படிச்சிட்டிருந்தீங்க?"

"பக்கத்தைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். நீ பேசுறப்போ ஒரு வரிகூடப் படிக்க விட்டதில்ல."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையின் வாரைச் சரி செய்துகொண்டே, "இன்னொண்ணும் இருக்கு" என்றார். "அந்தக் கிளைக் கல்லூரியில புள்ளியியலுக்கு ஆள் வேணுமான்னு போன மாசமே விசாரிச்சேன். வேணுமாம். நீ தோத்திருந்தா நானும் மாறி வந்திருப்பேன்."

"அப்ப எதுக்கு அந்த மாதிரி சண்டை போட்டீங்க? ஜெயிச்சு என்ன பண்ணியிருப்பீங்க?"

"பாடம் இங்க ஜெயிச்சிருக்கும். நடத்த வேற யாராவது வருவாங்க. ஒழுங்கா சண்டை போடச் சொன்னது நீதானே?"

வீட்டில் அழாததற்கும் சேர்த்து அந்தப் பஸ் நிறுத்தத்தில் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் என் பக்கம் குனிந்தார். "சரி, உன் வாதத்தை நான் சொல்லட்டுமா? 'யோவ், இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே.' அதானே?"

நான் தலையாட்டினேன்.