பொறி நிறைய ஆண்பூச்சி

தங்கை புருஷன் இருந்த வேலையை விட்டுவிட்டு, குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டார். இது விளைந்தால்தான் நிலம் அவர் கையில் நிற்கும். இல்லையென்றால் நிலக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

எனக்குப் பூச்சிமருந்துக் கடை. படைப்புழு வருகிற பருவம் என்று மாப்பிள்ளைக்கு ஒரு பொறி கொடுத்தேன். பிளாஸ்டிக் புனல், கீழே ஒரு பை, உள்ளே பெண்பூச்சி வாசம் ஏற்றிய ரப்பர் குப்பி. அந்தப் புழு வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சிகளில் ஆண்கள் மயங்கி வந்து விழும். எத்தனை விழுகிறது என்று எண்ணி, மருந்தடிக்கிற நாளைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

மூன்றாம் நாள் அவர் பையோடு கடைக்கே வந்துவிட்டார்.

"மச்சான், ஒரே பொறியில நாப்பது. இன்னும் பத்து பொறி குடுங்க, வம்சத்தையே முடிச்சிடறேன்."

ஆண்தான் விழும், மிச்சமிருக்கிற நாலு தடியன்கள் போதும் வயல் முழுக்கக் குடும்பம் நடத்த என்று சொல்ல வாயெடுத்தேன். போன வருஷம் விற்காத பொறிகள் பத்து பரணில் தூங்கிக்கொண்டிருந்தன. வாய் தானாக மூடிக்கொண்டது.

"மருந்து வேண்டாமா மாப்ள?"

"அதான் பொறி இருக்கே."

கேட்டாயிற்று. வற்புறுத்தி விற்பது நம் கடையில் கிடையாது என்று பெருமையாகப் பொறிகளைக் கட்டிக் கொடுத்தேன்.

தினமும் போன் வரும். இன்று இருநூறு, இன்று முந்நூறு. மாட்ச் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் தங்கை வரச்சொன்னாள். வயலில் இலையெல்லாம் சல்லடை. ஒரு செடியின் குருத்தைப் பிரித்துக் காட்டினாள். மரத்தூள் மாதிரி எச்சம். நடுவில் கொழுத்த புழு.

"இப்ப மருந்தடிச்சா கேக்குமா?"

"பொடிப்புழுவா இருக்கும்போது அடிச்சிருக்கணும். இப்ப குருத்துக்குள்ள போயிடுச்சு, மருந்து எட்டாது."

"அப்ப பொறி?"

"அது ஆணை மட்டுந்தாம்மா பிடிக்கும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்ணா?"

பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறவன் நான். ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வரப்போரம் பொறிப் பையைக் கொட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை கையாட்டினார். "மச்சான், இன்னிக்கு வரத்து கம்மி. குப்பியில வாசம் போயிடுச்சு போல. புதுசு ஒரு டஜன் அனுப்புங்க."

"அனுப்புண்ணா," என்றாள் தங்கை. "கேக்கறாரில்ல."

வீட்டைப் பார்த்து நடந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை.