டெல்மரின் தகட்டைப் பற்றி நடுநிலையாக எழுத முயன்றது

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு காரணம் சொல்லிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அடுத்த மேட்டில் குடியிருக்கும் டெல்மர், குறி பார்த்துச் சுடப் பழகுவதற்காகத் தன் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தோட்டாப் பொறி செய்தான். சுட்ட தோட்டா ஊர்மேல் போகாமல் பிடித்து வைக்கிற பெட்டி. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. என் மனைவி ரோவீனா நான் செய்ததை விட்டுவிட்டு அவன் செய்ததில் சுடப் போகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

தொடக்கத்துக்காக எழுதி அடித்தவை:

(மேற்கு வர்ஜீனியாவின் மலைகளில் இலைகள் சிவக்கத் தொடங்கும்போது — வேண்டாம், இது காலண்டர் படம்.)

(டெல்மர் ஒரு முட்டாள். — இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.)

(என் பெட்டி அவன் பெட்டியைவிட நல்ல பெட்டி. — உண்மைதான். ஆனால் இப்படி ஆரம்பிக்கிற ஆளை யார் நம்புவார்கள்?)

2

என் பெட்டி தடித்த பலகையால் ஆனது. உள்ளே பழைய டயரைத் துருவிய ரப்பரைத் திணித்து நிரப்பியிருக்கிறேன். முன்னால் ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் காகிதக் குறி. தோட்டா உள்ளே போய் அங்கேயே அடங்கிவிடும். வெளியே ஒரு பொடிகூடத் தெறிக்காது. சத்தமும் வராது. கிழட்டு நாய் மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு 'பொத்', அதோடு சரி.

டெல்மருடையது இரும்புத் தகடு. கீழே மணல் தட்டு. பட்டால் மணிபோல ஒலிக்கிறது, என் சமையலறைவரை கேட்கிறது. மணி ஒலித்தால் ரோவீனாவின் குறி தப்பவில்லை என்று அர்த்தம். அதன் பின்னால் சிரிப்பும் கேட்கிறது.*

* கேட்பதில்லை. அவ்வளவு தூரம் சிரிப்பு வராது. அது நான் சேர்த்தது.

நவம்பரில் தீயணைப்பு நிலையத்தில் குறிசுடும் போட்டி நடக்கும். பரிசு முழுதாக ஒரு பன்றித்தொடை. போன வருடம் பாதிரியாரின் மனைவியிடம் ரோவீனா மயிரிழையில் தோற்றாள், அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. தகடு என்றால் பட்டதும் தெரிந்துவிடுகிறது, உன் பெட்டிவரை நடந்துபோய்க் காகிதத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்கிறாள். நியாயமான காரணம். எனக்கு நியாயமான காரணங்கள்தான் அதிகம் எரிகின்றன.

3

டெல்மர் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவனுக்குத் தொப்பை வைத்தேன், நிஜத்தில் கிடையாது. கஞ்சன் என்று எழுதினேன். போன பனிக்காலத்தில் கேட்காமலே வந்து எங்கள் வாசல்வழிப் பனியைத் தள்ளிவிட்டுப் போனவன் அவன். எந்தக் குளிரிலும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பான். அவன் கைகள் (இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

ஆனால் ஒன்று. பொறியில் தகட்டைச் சாய்த்து வைக்கவேண்டும். மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாய்ந்திருந்தால் பட்டு நொறுங்குகிற தோட்டாவின் ஈயம் கீழே மணலில் விழும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முதலில் அப்படித்தான் சாய்த்து இரும்புச் சட்டத்தோடு பற்றவைத்தான். ஓசை மழுங்கிவிட்டது. அதனால் வெட்டி எடுத்து, சங்கிலி கட்டி நிமிர்த்தித் தொங்கவிட்டான். இப்போது அருமையாக ஒலிக்கிறது. நிமிர்ந்த தகட்டில் பட்ட ஈயம் சுட்டவர் முகத்துக்கே திரும்பலாம்.

போன சனிக்கிழமை ரோவீனா வந்து தொப்பியைக் கழற்றினாள். முன்விளிம்பில், கண்ணுக்கு நேர் மேலே, சாம்பல் நிறத்தில் ஏதோ குத்தி நின்றது. நகத்தால் பிடுங்கினேன்.

"இது என்ன?"

"ஈயச் சில்லு. அப்பப்ப தெறிக்கும்."

"கண்ணாடியாவது போட்டுக்கோ, ரோவீனா."

"டெல்மர் போடறதில்ல."

(இதற்கு அடுத்து எழுதிய பக்கங்களை நீக்கிவிட்டேன். அவற்றில் டெல்மரின் தாயார் பெயரும் வந்தது.)

4

அவனிடமே போனேன். குரலில் எரிச்சல் தெரியக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். அவன் காப்பி கொடுத்து, நாற்காலி போட்டு, முழுசாகக் கேட்டான். பிறகு என் தோளில் தட்டினான்.

"யோவ் வெர்ன், உன் பெட்டி ஊமைங்கறதுக்காக என் தகட்டோட வாயையும் கட்டச் சொல்றியா?"

மறுநாள் தீவனக் கடையில் நின்றவர்களெல்லாம் ஊமைப் பெட்டி சௌக்கியமா என்று என்னை விசாரித்தார்கள். சில்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் சொன்னது உண்மை. சொன்ன வாய் என்னுடையதாகப் போய்விட்டது.

5

கதைக்கு யோசித்த முடிவுகள்.

அ) ஒரு சில்லு டெல்மரின் கன்னத்தைக் கிழிக்கிறது. அவன் தலைகுனிகிறான், ரோவீனா வீடு திரும்புகிறாள். இதைச் சீட்டியடித்துக்கொண்டே எழுதினேன். சீட்டியடித்து எழுதியதை நான் நம்புவதில்லை. கிழித்துப் போட்டேன்.

ஆ) ரோவீனா கண்ணைப் பொத்திக்கொண்டு

இல்லை. எழுதமாட்டேன்.

இ) டெல்மர் மனம் மாறித் தகட்டைச் சாய்க்கிறான். மணி நின்றுபோகிறது. ரோவீனா சலித்துப்போய் என் பெட்டிக்கே வருகிறாள். இதில் ரத்தம் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. நன்றாக உற்றுப் பார்த்தால் மூன்றிலும் அதிகப் பொறாமை பிடித்த முடிவு இதுதான்.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் ரோவீனா. வாயால் சொல்லி ஏறாதது தாளில் ஏறலாம் என்று, இதுவரை எழுதியதை இன்று காலை அவளிடம் நீட்டினேன். டெல்மருக்காக இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தாள்.

6

படித்து முடித்து, பென்சிலால் ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டாள். மயிரிழையில் தோற்கவில்லையாம், நன்றாகவே தோற்றாளாம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெர்ன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தத் தகடு ஒழுங்கா சாஞ்சிருந்தா, நான் அங்க போறதுல உனக்குச் சந்தோஷமா?"

சந்தோஷம்தான் என்றால் பொய். என் பொய்யை அவள் என் முகத்திலேயே படித்துவிடுவாள், நிமிர்ந்த தகட்டைப் பற்றி நான் சொன்னதும் அந்தப் பொய்யோடு சேர்ந்து பொய்யாகிவிடும். இல்லை என்றால் உண்மை. அப்போது எல்லாமே பொறாமை என்று ஆகிவிடும். இரண்டிலும் அவள் கண்ணாடி இல்லாமல்தான் அந்தத் தகட்டின் முன்னால் போய் நிற்பாள். 'இல்லை, ஆனால்' என்று தொடங்கலாம். என் 'ஆனால்'களை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். அது முடிவதற்குள் வாசல் தாண்டியிருப்பாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு டெல்மரிடம் எந்த எரிச்சலும் இல்லை. அவன் கைகளை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னால் அது வெறும் தகட்டைப் பற்றிய பேச்சு. அதனால் அடுத்த வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன், தாள் அவள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.