நசுங்கிய பக்கம்

எந்தக் கடைக்குப் போனாலும் பிராங்க் விலை கேட்பதற்கு முன்னால் பொருளை ஒருமுறை சுற்றி வருவான். கல்யாணமான புதிதில் ஞானசௌந்தரிக்கு அதில் பெருமைகூட இருந்தது. தன் அப்பாவைப் போல, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிற ஆளில்லை என்று நினைத்தாள். அவன் எதற்காகச் சுற்றி வருகிறான் என்று விளங்குவதற்குள் அயனம்பாக்கத்து வீட்டுக்கு வாஷிங் மெஷின், கிரைண்டர், பீரோ எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்திருந்தார்கள். மாதா கோயில் அன்பிய ஜெபக் கூட்டத்துக்காக வீட்டுக்கு வருகிறவர்கள், "எல்லாத்தையும் புதுசாவே வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஞானசௌந்தரி முழுக்கை ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு காபி கொடுப்பாள்.

ஆடித் தள்ளுபடி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருந்த அந்தக் கடையின் இரண்டாம் மாடியில் கால் வைக்க இடமில்லை. நீலக் கோட்டு போட்ட விற்பனைப் பெண்ணின் கழுத்து அட்டையில் ஸ்வாதி என்று எழுதியிருந்தது. கள்ளிக்குப்பத்திலிருந்து வருகிறாளாம். கேட்காமலே சொன்னாள். இரண்டு கதவு பிரிட்ஜ் ஒன்றைத் தன் வீட்டுப் பொருள்போலத் தடவிக் காட்டினாள்.

"இப்டி வந்து நில்லு," என்றான் பிராங்க்.

ஞானசௌந்தரி நின்றாள். அவள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கதவை அகலத் திறக்க வேண்டும். முந்தானை பக்கவாட்டில் தொங்க வேண்டும். விற்கிறவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"காய் வைக்கிற ட்ரே இவ்ளோதானாம்மா?"

"அது பெருசுக்கா. ரெண்டு கட்டு கீரை அப்டியே வைக்கலாம்," என்று ஸ்வாதி குனிந்து இழுத்துக் காட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் பிராங்க் மூச்சைப் பிடிப்பது கேட்டது. அடுத்து குதிகால் தகரத்தில் இறங்கியது. பாட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. தகரத்தில் விழுந்தால் ஒரு சத்தம், விலாவில் விழுந்தால் வேறு சத்தம். ஆனால் அதற்கு முன் அவன் மூச்சைப் பிடிக்கிற விதம் மட்டும் மாறுவதேயில்லை. ஞானசௌந்தரியின் உடம்பு தானாகச் சுருங்கியது. தனக்கில்லை என்று தெரிந்ததும் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி ஒரு சந்தோஷம் மாதிரியே இருந்தது.

"இன்னாம்மா இது?" பிராங்க் ஆச்சரியப்பட்டான். "இந்தாண்ட இம்மாம் பெரிய நசுங்கல் கீது. முழு ரேட்டு சொல்றே?"

ஸ்வாதி ஓடி வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "காலைல நான்தான் சார் தொடச்சேன். அப்ப இல்ல சார்."

"அப்ப நான் எங்க ஊட்லருந்து எடுத்துகினு வந்தேனா?"

மாடி மேனேஜர் ராஜசேகரன் வந்தார். வேறு பீஸ் இல்லை, வர ஒரு வாரமாகும் என்றார். பிராங்க் சிரித்துக்கொண்டே பேசினான். அவர் தோளில் கை போட்டு "அண்ணாத்தே" என்றான். அடிபட்ட பொருளைத் தன் தலையில் கட்டப் பார்ப்பதாகப் பக்கத்தில் நின்றவர்களிடம் முறையிட்டான். முப்பத்திநாலாயிரம் இருபத்தேழுக்கு வந்து நின்றது. தவணை ஞானசௌந்தரியின் கார்டில். அவள் பள்ளிக்கூடச் சம்பளம் வருகிற வங்கிக்குத் தனித் தள்ளுபடி இருந்தது.

வழக்கமாக இதோடு கிளம்பிவிடுவார்கள். விலை குறைந்ததும் பிராங்க் ஒரு நிமிஷம் நிற்கமாட்டான். இன்றைக்கு பில் கவுண்டரில் கார்டு மெஷினுக்கு டவர் கிடைக்கவில்லை. கவுண்டர்ப் பெண் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னால் ராஜசேகரன் ஸ்வாதியின் கழுத்து அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாடிக்கையாளர்கள் கண்ணில் படாத இடம் என்று நினைத்திருப்பார். ஓங்கி விட்ட முதல் அறையில் அவள் தலை பக்கவாட்டில் போய் வந்தது.

"ஏழாயிரம் உங்கப்பன் தருவானாடி?"

"சத்தியமா இல்ல சார். தொடச்சப்போ..."

இரண்டாவது அறை. அவள் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு, கட்டி அனுப்ப அங்கே தள்ளி வைத்திருந்த அந்த பிரிட்ஜிடம் கொண்டுவந்தார். நெற்றியை நசுங்கலில் வைத்து அழுத்தினார். பிறகு மோதினார். "தெரியுதா? இப்ப தெரியுதா?"

ஞானசௌந்தரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எங்கே திருப்பினாலும் பளபளப்பான கதவுகள். எல்லாவற்றிலும் அந்த நீலக் கோட்டு ஆடியது. அப்படியென்றால் வாஷிங் மெஷினுக்கு யார் அடி வாங்கினார்கள்? கிரைண்டருக்கு யார்? பூந்தமல்லிக் கடையில் பல் தெரியச் சிரித்துப் பேசிய ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். தனக்கு விழாத உதை தகரத்தோடு முடிந்துபோகிறது என்று இத்தனை காலம் எப்படி நம்பினாள்? நம்புவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கையில் போன் அதிர்ந்தது.

"மேடம், ஓ.டி.பி. வந்துச்சா?" என்றாள் கவுண்டர்ப் பெண்.

"சொல்லு," என்றான் பிராங்க்.

"இவர்தான் உதைச்சார்."

"இன்னாது?"

ஞானசௌந்தரியின் குரல் இப்போது உரக்க வந்தது. "அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. இவர்தான் குதிகாலால உதைச்சு நசுக்கினார். நான் மறைச்சுகினு நின்னேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பிராங்க் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "இவளுக்கு சுகருங்க. டைமுக்குத் துன்னலன்னா இப்டித்தான் இன்னாத்தையாவது ஒளறுவா."

சிரித்துக்கொண்டே கவுண்டருக்குக் கீழே அவள் வலது கையைப் பிடித்து விரல்களைப் பின்னுக்கு வளைத்தான். "நம்பரைச் சொல்லுடி." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் வளைத்தான். சுண்டு விரலில் ஏதோ விட்டுப்போனது. அவள் குனிந்து அவன் முன்கையைக் கடித்தாள். விடவில்லை. வாயில் ரோமமும் உப்பும் வந்த பிறகும் விடவில்லை. அவன் முஷ்டி காதில் இறங்கியபோதுதான் பற்கள் திறந்தன. மிக்ஸி அட்டைப் பெட்டிகளின் மேல் சாய்ந்து அவற்றோடு சரிந்து தரையில் விழுந்தாள்.

பிராங்க் மூச்சைப் பிடித்தான். குதிகால் விலாவில் இறங்கியது. மறுபடியும். இந்த முறை மறைத்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை. ஒரு மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது சுமை தூக்குகிற இரண்டு பேர் பாய்ந்து அவனைக் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். "பொம்பளைய ஒதைக்கிறியா? மவனே, தர்றேன் இரு," என்று அவன் தலையைத் தரையில் இடித்தான். பிராங்கின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

ராஜசேகரன் ஓடிவந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு ஞானசௌந்தரியின் பக்கத்தில் குந்தினார். "மேடம், ஜனம் வர்ற நேரம். போலீஸ் அது இதுன்னு வேணாம். உங்களுக்காக இருபத்தஞ்சுக்கே போட்டுத் தர்றேன்."

"இருபத்திமூணு," என்றான் பிராங்க், தரையிலிருந்தே.

யாரோ சிரித்துவிட்டார்கள். ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பேரம் நின்றுபோனதாகக்கூட அவனுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. இந்த ஆள் தன்னை ஒருநாள் கொன்றுவிட்டுச் சவப்பெட்டிக் கடையிலும் பேரம் பேசுவான்.

ஸ்வாதி வந்து நின்றாள். புருவத்துக்கு மேலே தோல் பிளந்திருந்தது. நன்றி சொல்ல வந்தவள் மாதிரி இல்லை.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றாள். "நான் மண்டை ஒடையிற வரிக்கும் பார்த்துகினு நின்னியா?"

"ஆமா," என்றாள் ஞானசௌந்தரி.

போன் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. இடது கையால் எடுத்தாள். அந்த எண்ணின் நேரம் முடிந்துவிட்டதாக ஒரு செய்தி இருந்தது. அதைத் தள்ளிவிட்டு நூறை அழுத்தினாள். மூச்சு விடும்போதெல்லாம் விலா குத்தியது.

"போலீஸ் வந்தா உன்னியும் கேப்பாங்க," என்றாள் ஸ்வாதி.

"கேக்கட்டும்."

மறுமுனையில் ஒரு பெண் குரல் இடம் கேட்டது. கடைப் பெயரையும் இரண்டாம் மாடியையும் சொன்னாள்.

"ரெண்டு பேரை அடிச்சிருக்காங்க. ஒண்ணு நான். இன்னொண்ணு இங்க வேலை செய்யிற பொண்ணு."

"அடிச்சது யாரும்மா?"

"ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

ராஜசேகரன் எழுந்து நின்றார். "மேடம்..." என்றார். "மேடம், இலவசமாவே எடுத்துட்டுப் போங்க மேடம்."

"இன்னொருத்தர் இந்த மாடி மேனேஜர். பேரு ராஜசேகரன்."

ஸ்வாதி நீலக் கோட்டைக் கழற்றி நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு, ஞானசௌந்தரிக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். கிட்டே வரவில்லை.