வியாழக்கிழமை மின்விசிறி போடுவதில்லை

கணிதத் துறையின் கருத்தரங்க அறையில் வியாழக்கிழமைகளில் மின்விசிறி போடுவதில்லை. உரை நடக்கும்போது விஷயம் புரிந்தவர்கள் நாற்காலியை விட்டு மேலே எழும்பிவிடுவார்கள், கூரையோ தாழ்வு. முந்தைய தலைவர் ஒருவருக்கு அப்படி ஒருநாள் புரிந்துபோய், வழுக்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் சுவிட்சின் மேல் தாள் ஒட்டினார்கள். ஆனால் தூய கணிதம் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்துபோய், ஒருவர் சொல்வது பக்கத்து அறைக்காரருக்கே விளங்காத காலம் வந்தது. யாரும் எழும்பிப் பல வருடங்களாகியும் தாளைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. புரியாததோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டது. பேச்சாளர்கள் சாக்பீஸ் தூளும் வியர்வையுமாகப் பேசி முடிப்பார்கள். கைதட்டலில் விழித்துக்கொள்ளும் இப்போதைய தலைவர், எந்த உரையானாலும், "இது இரட்டைப்படைப் பரிமாணத்துலயும் வருமா?" என்று கேட்பார். பேச்சாளர் "நல்ல கேள்வி" என்பார். எல்லோரும் கலைவார்கள்.

அந்தத் துறையில் மாணவர்கள் லெம்மா மேடம் என்று அழைத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். லெம்மா என்றால் பெரிய தேற்றத்துக்குப் போகும் வழியில் நிரூபிக்க வேண்டிய சிறு படி. மேடம் பாதி ஆயுளை அப்படியொரு படியிலேயே உட்கார்ந்து கழித்தவர். ஒருவழியாகப் படியைத் தாண்டித் தேற்றத்தை எழுதி அனுப்பியபோது, ஆய்விதழ்க்காரர்கள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. படித்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருப்பதாக ஆண்டுதோறும் பதில் வந்தது. கிணற்றில் போட்ட கல்தான். இதற்குள் ஓய்வுபெறும் வருடமும் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் புரிந்து எழும்பினால் போதும், தேற்றம் தன்னோடு முடிந்துபோகாது என்று நினைத்தார். பாவம், அது பெரிய ஆசைகூட இல்லை.

கண்ணாடிக்கடை நடத்தி ஓய்ந்த அவர் கணவர், ஓய்வுக்கு முன் மேடம் பேசவிருந்த கடைசி உரைக்கு முந்தின மாலை காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "எழுதறப்ப நீ ஒரு தடவையாவது மேல போனியா?"

"கேக்கறவங்கதாங்க போவாங்க. எழுதறவங்களுக்கு அது வராது," என்றார் மேடம். துறையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பேசுகிறவருக்கே புரிந்திருக்கிறதா என்று சந்தேகப்படுவது அங்கே மரியாதையில்லை.

வியாழனன்று கணவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேடம் முதல் கரும்பலகையை நிரப்பினார், இரண்டாவதை நிரப்பினார். ஒரு நாற்காலியும் அசையவில்லை. தலைவர் கண்ணை மூடி வெகுநேரமாயிருந்தது. மூன்றாவது பலகையில், எத்தனையோ முறை "இது தெளிவு" என்று சொல்லிக் கடந்துபோன ஒரு வரி வந்தது. அன்று அவருக்கு இருந்த அசதியில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நின்று வரியைப் பார்த்தார். செருப்பு தரையிலேயே கிடக்க, பாதங்கள் மட்டும் கிளம்பின. பலகையின் விளிம்பைத் தாண்டிப் போய், விசிறிக்குப் பக்கத்தில் முதுகு கூரையில் முட்டி நின்றார். அறையே எழுந்து கைதட்டியது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தட்டாதீங்க," என்றார் மேடம் மேலிருந்து. "தப்பு. அந்த வரி நிக்காது. தேற்றமே போச்சு."

தலைவர் விழித்துக்கொண்டு, "இரட்டைப்படைப் பரிமாணத்துலயுமா?" என்றார்.

"அதுலயும்தான் சார்."

ஏன் நிற்காது என்று மேடம் அங்கிருந்தபடியே விளக்கினார். பாதி ஆயுள் போன துக்கம்தான், ஆனாலும் இவ்வளவு தெளிவாக அவர் எதையும் விளக்கியதில்லை. முன்வரிசை ஆய்வு மாணவி எழும்பினாள். எண்கோட்பாட்டுக்காரர் எழும்பினார். வடிவியல்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே எழும்பினார்கள், கடைசியில் தலைவரும் காலை உதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தேற்றத்துக்கு ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கியவருடைய பிழை, மொத்தத் துறைக்கும் புரிந்துவிட்டது. மாணவி பக்கத்தில் மிதந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டதும் மேடம் அழுதார்.

கணவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, அதனால் அவர் தரையில் இருந்தார். "இறங்க நேரமாகுமா?" என்று அண்ணாந்து கேட்டார்.

"ஆகும் போலிருக்கு. நீங்க வேணா வீட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை. நடைக்கூடத்திலிருந்து டீ கேனையும் குவளைகளையும் எடுத்துவந்து, மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி, முதல் குவளையை மனைவியிடம் நீட்டினார். அப்புறம் மற்றவர்களில் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்டார்.